அம்மா நின்ற ஊர்கள்

முதல் நாள், ஈப்போ

கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயிலேறினால் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. தஞ்சோங் மாலிம் தாண்டிய பிறகு ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் செம்பனைதான். அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் இந்த வழியெல்லாம் பால்மரக் காடாக, அதாவது ரப்பர் தோட்டமாக, இருந்தது. அந்தக் காட்டில்தான் அவர் பிறந்தார். அங்கிருந்து ஈப்போவுக்கு வந்து, ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் 1967-இல் வேலைக்குச் சேர்ந்து, 2009 வரை அதே கடையில் பரிமாறினார். சென்ற வருடம் எண்பத்தொரு வயதில் தவறினார்.

வருடத் திதி முடிந்த அன்று அண்ணன்தான் சொன்னார்: "அந்த ஊரையெல்லாம் ஒரு தடவை போய்ப் பார்த்து எழுதி வை. நம்ம பிள்ளைகளுக்கு வேற யாரு சொல்லப் போறா?" சரி என்று கிளம்பிவிட்டேன். பேராக் மாநிலத்துக்குள் மட்டும்தான் பயணம். அம்மாவின் வாழ்க்கையும் ஏறக்குறைய அதற்குள்ளேயே முடிந்துவிட்டது.

ஈப்போ ரயில் நிலையத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெள்ளைச் சுவர், கோபுரக் கூரை, வரிசையாக வளைவுகள். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்தை வரைந்த கட்டடக் கலைஞர் ஹப்பக்தான் இதையும் வரைந்தார். 1917-இல் கட்டி முடித்தார்கள். எதிரே ஊருக்குப் பெயர் தந்த ஈப்போ மரம் நிற்கிறது. அம்மாவுக்கு இந்தக் கட்டடத்தின் அழகைவிட அதன் கடிகாரம்தான் முக்கியம். எங்கள் வீடு இருந்த புந்தோங்கிலிருந்து நடந்து வரும்போது இங்கே மணி பார்த்துக்கொள்வாராம். ஆறு மணிக்குள் கடைக்குப் போயாக வேண்டும். ரயில்வேயில் அப்போது நம்மவர்கள் நிறைய. இரவு வேலை முடித்தவர்கள் தோசைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மாலையில் லிட்டில் இந்தியா பக்கம் நடந்தேன். கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். தரை மட்டும் பழையதுதான், சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட ஓடு. பின்பக்கம் கைகழுவும் இடத்துக்குப் போகும் வழியில் ஓடு வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. சமையலறைக்கும் மேசைக்கும் நடுவே எல்லாரும் நடந்த வழி அது. கடைப் பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். "உள்ள வந்து பாருங்க ஆன்ட்டி" என்று பெட்டிகளை ஒதுக்கிக் கொடுத்தான். நல்ல பையன்.

இரண்டாம் நாள், புந்தோங்

புந்தோங்கில் இறங்கியதுமே எண்ணெய்ச் சட்டி வாசனை. கச்சாங் பூத்தேவுக்குப் பெயர் போன இடம். முறுக்கு, பகோடா, வறுத்த கடலை எல்லாம் வீட்டுக்கு வீடு போடுவார்கள். நாங்கள் வளர்ந்த பலகை வீடு இப்போது இல்லை. ஆனால் கடையில் சமைத்த மாஸ்டர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் அப்படியே இருக்கிறது. மாமா என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிடுவோம்.

"உங்கம்மா வந்தப்போ கடையில பொம்பள யாரும் சாப்பாடு போட மாட்டாங்க" என்று ஆரம்பித்தார். பெண்கள் பின்னால் காய் நறுக்குவார்கள், பாத்திரம் கழுவுவார்கள். அம்மாவும் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தார். சம்பளம் மாதம் அறுபது வெள்ளி (ரிங்கிட்டை அப்படித்தான் சொல்வோம்), சாப்பாடு கடையில். ஒரு தீபாவளி நெருக்கத்தில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. கூட்டம் வாசல்வரை நிற்கிறது. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, சாம்பார் வாளியை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிறகு வாளி கையைவிட்டு இறங்கவில்லை.

வாழையிலைச் சாப்பாடு பரிமாறுவதை வெளியிலிருந்து பார்த்தால் எளிது மாதிரித் தெரியும். அதை நானும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தேன். மாமா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னபோதுதான் அதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். மேல்பாதியில் மூன்று காய், ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய். கீழ்ப்பாதியில் சோறு. சோற்றைக் கொட்டியபின் குழம்பு ஊற்றுகிறவர் முதலில் கேட்க வேண்டும்: சாம்பாரா, மீன் குழம்பா, கறிக்குழம்பா? கேட்டுக்கொண்டே அடுத்த மேசையில் ரசம் முடிந்துவிட்டதா என்று கண் பார்க்க வேண்டும். சோறும் காயும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மீன், கோழி, ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குத்தான் தனிக்காசு. ஆகவே யார் எதை எடுத்தார்கள் என்பது மனதில் நிற்க வேண்டும்.

"துண்டுச் சீட்டெல்லாம் அப்புறம் வந்தது. உங்கம்மா எழுதினதே இல்ல. பன்னிரண்டு மேசை, எல்லாம் தலையிலதான். ஆளு கைகழுவ எழுந்திருச்சா போதும், 'நாலாம் மேசை, ரெண்டு சாப்பாடு, ஒரு மீன், ஒரு மோர்'னு கல்லாவுக்குக் குரல் போயிடும். ஒரு காசு தப்பினது இல்லலா."

அம்மா மூன்றாம் வகுப்புவரைதான் படித்தார், அதுவும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில். கடையில் நின்று மலாய் பேசக் கற்றார். ஈப்போ சீனர்கள் அதிகம் பேசுவது கண்டோனீஸ். அதில் விலை சொல்லவும், காரம் குறைக்கவா என்று கேட்கவும், குழந்தைக்கு என்ன வயசு என்று விசாரிக்கவும் அம்மாவுக்கு வரும். பேச்சை வாயால் பிடித்தார், கணக்கை மனதால் பிடித்தார். இதற்குச் சான்றிதழ் கொடுக்க யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமைதான் கடினமான நாள். நம்மவர்கள் சைவம் என்று வருவார்கள், அலுவலகங்களுக்கும் தொழுகைக்காக நீண்ட இடைவேளை. மேசை காலியாகக் காலியாக அடுத்தவர் உட்காருவார். ஈரத் தரையில் ரப்பர் சிலிப்பரோடு ஓட வேண்டும். அம்மாவின் கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். இரவில் உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு உட்காருவார், நான் தேங்காயெண்ணெய் தேய்ப்பேன். வலிக்குதா என்று கேட்டால், "கால் இருக்கிறவரைக்கும் வலிக்கும், தேய்" என்பார்.

அப்பா லாரியில் அட்டெண்டராக இருந்தார். எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். பள்ளி விட்டதும் அண்ணனும் நானும் நேரே கடைக்கு வந்து, சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் செய்வோம். கூட்டம் அடங்கிய பிறகு எங்களுக்குச் சோறு வரும், மீன் குழம்பில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் வரும், மீன் வராது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குழம்பின் ருசி வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. மாமாவிடம் அதன் பக்குவம் கேட்டேன். புளியை முதல்நாள் இரவே ஊறவைப்பாராம்.

1985-இல் ஈய விலை விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஈப்போவே ஈயத்தில் எழுந்த ஊர், கடை என்ன செய்யும்? மதியக் கூட்டம் பாதியாகிவிட்டது. முதலாளி இரண்டு பேரை நிறுத்தினார், அம்மாவை நிறுத்தவில்லை. ஆனால் நிறுத்தியவர்களின் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. பிறகு 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும், பினாங்குக்கும் தலைநகருக்கும் போகிறவர்கள் ஊருக்குள் வராமலே போகத் தொடங்கினார்கள். இப்படி நாட்டில் என்ன நடந்தாலும் அது அம்மாவுக்கு இலைக் கணக்காகத் தெரிந்துவிடும். இன்றைக்கு எத்தனை இலை போச்சு என்பார், அவ்வளவுதான்.

ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை. ஊழியர் சேம நிதி இந்த நாட்டில் 1951-இலேயே வந்துவிட்டது. அம்மாவின் பெயரில் கடைசிச் சில ஆண்டுகளுக்குத்தான் பணம் கட்டப்பட்டிருந்தது. வேலையை விட்டபோது கையில் வந்த தொகை ஒரு வருடத்துக்குக்கூடப் போதாது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். அம்மா அந்தச் சம்பளத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை. சாப்பாட்டுக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் நின்றே வயதான பெண்கள் எத்தனையோ பேருக்கு இதே கதை. கோபம் வருகிறது. அம்மாவுக்கு வரவில்லை என்பதால் எனக்கும் வரக்கூடாதா?

கிளம்பும்போது மாமா ஒரு பொட்டலம் முறுக்கைக் கையில் திணித்தார். "ஆரம்பத்துல எல்லாரும் அக்கானு கூப்பிட்டாங்க. அப்புறம் ஆன்ட்டி. கடைசியில பாட்டி. கூப்பிட்ட பேரெல்லாம் மாறிச்சு, இவ வேகம் மாறலியே" என்றார்.

மூன்றாம் நாள், சுங்கை சிப்புட்

ஈப்போவுக்கு வடக்கே அடுத்த பெரிய ஊர். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த அமரர் துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் என்று நம்மவர்களுக்குத் தெரியும். சரித்திரப் புத்தகங்களில் இந்த ஊர் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் வந்தது. 1960 வரை நீடித்தது. அது தொடங்கியபோது அம்மாவுக்கு ஐந்து வயது.

பெரியம்மா இங்கே மகன் வீட்டில் இருக்கிறார். அம்மாவைவிட மூன்று வயது மூத்தவர். என்னைக் கண்டதும் முகத்தைத் தடவிப் பார்த்தார். "அவ மூக்கு" என்றார். சாப்பிட்ட பிறகுதான் பேச்சு என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டோம்.

தாத்தாவைப் பெரியம்மாவுக்கும் நினைவில்லை. 1943-இல் ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து ஆள் பிடித்துப் போனான். போன லாரியில் தாத்தாவும் இருந்தார், திரும்பவில்லை. அம்மா அப்போது பாட்டி வயிற்றில். ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் அந்தப் பாதையில் மாண்டார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர்ப்பட்டியலும் கிடையாது. பாட்டி பால்மரம் சீவி இரண்டு பெண்களையும் தனியாக வளர்த்தார்.

அப்புறம்தான் பெரியம்மா அந்தக் கதையைச் சொன்னார். அம்மா எங்களிடம் சொல்லாத கதை.

அவசரகாலத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். இரவில் ஊரடங்கு. காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக்கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். கடையில் டின் வாங்கினால் அங்கேயே துளை போட்டுத்தான் தருவார்கள், சேர்த்து வைக்க முடியாதபடி. விடிகாலை பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து மரம் சீவப் போகிறவர்களை வாசலில் சோதிப்பார்கள். பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், பெண்களின் சேலை மடிப்பைப் பெண்களே தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது. ஆகவே விடியும் முன் குடித்த வெறும் கோப்பியோடு பாட்டி பகல்வரை மரம் சீவுவார். பால் எடுத்து, தூக்கிச் சுமந்து நிறுத்துக் கொடுத்து, வேலிக்குள் வந்த பிறகுதான் சோறு.

"உங்கம்மா எட்டு, ஒம்பது வயசு. பகல் சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே சோத்தைத் தட்டுல போட்டு வச்சிட்டு வேலிக்கிட்ட நிப்பா. தூரத்துல தலை தெரிஞ்சதும் ஓடியாந்து குழம்ப ஊத்துவா. அம்மா கால் கழுவிட்டு உக்காரும்போது எல்லாம் தயாரா இருக்கும். நான் மூத்தவ, எனக்கு அது தோணல பாப்பா. அவளுக்குத் தோணுச்சு."

கேட்டுவிட்டு வெகுநேரம் நான் பேசவில்லை. கடையில் அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சிலர் வந்து உட்கார்ந்ததும், காய் வரும்வரை காத்திருக்காமல் முதலிலேயே ஒரு கரண்டி சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிவிடுவார். எல்லாருக்கும் அப்படிச் செய்யமாட்டார். கூட வேலை செய்தவர்கள், முறை தவறுகிறதே என்று சொல்வார்கள். "அவரு நடந்து வந்ததைப் பாரு. காய் அப்புறம் வரட்டும்" என்பார். பசியோடு வருகிறவரை அவர் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வார். எங்கே கற்றார் என்று இப்போது தெரிகிறது.

மதியத்துக்குப் பிறகு பெரியம்மாவின் மகன் தோட்டம் இருந்த இடத்துக்குக் காரில் கூட்டிப் போனார். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, இதுவும் பல கைகளுக்குப் போனது. தோட்டத் துண்டாடல் என்று அப்போதைய பத்திரிகைகளில் அடிக்கடி வந்த செய்தி. வேலையோடு வீடும் போயிற்று. இதைப் பார்த்துத்தான் 1960-இல் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெரியம்மா பங்கு வாங்கினார். எங்கள் அம்மாவிடம் பத்து வெள்ளி இல்லை. கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டார்.

இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் தாமான். லயம் இல்லை, பள்ளிக்கூடமும் வேறிடம் போய்விட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது, புதிதாக வர்ணம் பூசி. பெரியம்மா காரைவிட்டு இறங்காமலே கையெடுத்துக் கும்பிட்டார். வேலி எங்கே இருந்தது என்று கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள், கோலகங்சார், தைப்பிங்

கோலகங்சாரில் ஒரே ஒரு மரத்தைப் பார்க்க இறங்கினேன். மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். 1877-இல் ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி காலத்தில் நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சியது இது. நம் முன்னோர்கள் கப்பலேறி வரக் காரணமான பயிர். பலகையில் நட்டவர் பெயர் இருக்கிறது. சீவியவர்கள் பெயரை எந்தப் பலகையில் எழுதுவது?

அங்கிருந்து தைப்பிங் போகும் ரயில் பாதையில் புக்கிட் பெராப்பிட் சுரங்கம் வரும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். வெளியே வந்தால் மழை. தைப்பிங் என்றால் மழைதான்.

ஏரிப் பூங்கா 1880-இல் உண்டானது, அதற்கு முன் ஈயச் சுரங்கக் குழியாக இருந்த இடம். கரையோரம் பழைய தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீர்வரை கிளை நீட்டியிருக்கின்றன. எண்பதுகளில் ஒரு தீபாவளிக்கு மறுநாள், கடை ஆட்களை எல்லாம் முதலாளி வேனில் இங்கே கூட்டி வந்தார். அம்மா வேலைக்காக இல்லாமல் ஊர் சுற்றியது அந்த ஒரு நாள்தான். நான் கூடவே இருந்தேன். புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்ததும் அம்மாதான். "உக்காரும்மா, இன்னைக்கு நீ கஸ்டமர்" என்று மாமா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் ஜாடியோடு நிற்கிறார்.

என்னோடு கோலாலம்பூருக்கு வந்த பிறகும் அப்படித்தான். வெளியே சாப்பிடப் போனால், முடித்ததும் எங்கள் தம்ளர்களையும் தட்டுகளையும் அளவுவாரியாக அடுக்கி மேசை ஓரத்தில் வைத்துவிடுவார், எடுக்க வருகிற பிள்ளைக்கு ஒரு நடை மிச்சம் என்று. பரிமாறுகிறவர் பங்களாதேஷ்காரரோ மியன்மார்காரரோ, கிளம்பும்முன் கையில் இரண்டு வெள்ளி கொடுத்து, "மக்கான் சூடா?" (சாப்பிட்டாச்சா?) என்று மலாயில் கேட்காமல் வரமாட்டார். கடைசி மாதங்களில் நான்தான் அவருக்கு ஊட்டிவிட்டேன். பல பெயர்கள் மறந்துவிட்டன. தட்டைக் கொண்டுபோய் வைத்தால் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "சோத்தை நடுவுல வையி. காய் மேல" என்பார். மாற்றி வைப்பேன். பிறகுதான் வாய் திறப்பார்.

ஐந்தாம் நாள், திரும்பும் ரயிலில்

நேற்றிரவு அண்ணனிடம் பேசினேன். அம்மாவின் படங்களை எல்லாம் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு தொகுப்புச் செய்யலாம் என்றார். வீட்டில் இருப்பவை கல்யாணப் படங்கள், பேரனின் காதுகுத்து, கோயிலில் எடுத்தவை. வேலை செய்யும்போது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. தைப்பிங் ஏரியில் எடுத்த படத்திலும் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம், அம்மா பாதிதான் விழுந்திருக்கிறார்.

நாற்பது வருடம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த மேசைகளில் சாப்பிட்டிருக்கின்றன. பிறந்தநாளுக்கும் பரீட்சை முடிவுக்கும் பெண் பார்த்துவிட்டு வரும் வழியிலும் வந்தவர்கள் உண்டு, கேமராவோடு வந்தவர்களும் உண்டு. எழுபதுகளிலிருந்து 2009 வரை ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாழையிலைக் கடையில் எடுத்த படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், சிரமம் பார்க்காமல் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட தரை. பின்னால், கொஞ்சம் குட்டையாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வலது கையில் வாளியோடு ஒரு பெண் நின்றால், எனக்குச் சொல்லுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.